பழைய வெஸ்பா வாங்கும் முன்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பழைய கியர் வெஸ்பா ஸ்கூட்டரில் பழுதே இல்லாத வண்டி என்று ஒன்று கிடையாது. எந்தப் பழுது, அது எவ்வளவில் தீரும் என்பதுதான் கேள்வி. என்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் அதைப் பிரித்து மாட்டிவிடலாம். ஆயில் சீல், பேரிங், பிஸ்டன், கியர் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன. அழுகிய தகடும் பதிவோடு ஒத்துப்போகாத எண்ணும் அப்படியல்ல. அதனால் முதலில் எண், பிறகு உடல், கடைசியாக என்ஜின் என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டதும் மனம் இளகி, காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இங்கே சொல்வது 1977-இல் வந்த பிஎக்ஸ் குடும்பத்துக்கும் அதற்கு முந்தைய விபிபி, ஸ்பிரிண்ட், சூப்பர் போன்ற பெரிய உடல் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் பொருந்தும். கையில் டார்ச், மெல்லிய குளிர்பெட்டிக் காந்தம், கைக்கண்ணாடி, 21 மி.மீ. பிளக் ஸ்பேனர், ஒரு புது ஸ்பார்க் பிளக், பழைய துணி இருக்கட்டும். விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லுங்கள்: “நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.”

அறிகுறி: விலை மிகக் குறைவு, விற்பவர் அவசரப்படுகிறார்

தாளைப் பாருங்கள். சிங்கப்பூரில் வாகன விவரம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் இருக்கிறது. விற்பவரை சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) வழியாக உள்ளே நுழைந்து காட்டச் சொல்லுங்கள். முதல் பதிவுத் தேதி, சட்ட எண் (உடலில் பொறித்த ஃபிரேம் எண்), என்ஜின் எண், என்ஜின் கொள்ளளவு, சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடியும் நாள், எந்தத் திட்டத்தில் பதிவானது என்ற ஆறையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பதிவுத் தேதி 2003 ஜூலை 1-க்கு முந்தையதா? அப்படியானால் சாதாரணப் பதிவில் உள்ள மோட்டார்சைக்கிள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. சிஓஇ அதற்குப் பிறகும் பல ஆண்டு மீதமிருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் இதுதான் கணக்கு. விலை பேசும்போது மீதமுள்ள மாதங்களை எண்ணிப் பேசுங்கள். இந்தப் பழைய வண்டிகளுக்கான புகை அளவும் 2023 ஏப்ரலில் கடுமையாக்கப்பட்டது. ஆண்டுச் சோதனையில் தேறிய கடைசிச் சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கிளாசிக் வாகனத் திட்டத்தில் உள்ள வண்டிக்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் அது குறைந்தது 35 வயதான வண்டிகளுக்கு உரியது. ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம். தினமும் வேலைக்குப் போக வண்டி தேடுபவருக்கு அது உதவாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாங்கி கடலோரம்வரை போய்வர விரும்புபவருக்கு அதுவே சரியான வழி.

அறிகுறி: எண் பொறித்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிது

என்ஜின் எண், பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு அருகே, என்ஜினிலிருந்து பின்னால் நீளும் கைப்பகுதியில் இருக்கும். சட்ட எண்ணைப் பக்க மூடியைக் கழற்றித் தகட்டில் தேடுங்கள். எழுத்தின் ஆழம் ஒரே சீராக இருக்கிறதா, சுற்றிலும் அரைத்த தடமோ வெல்டிங் மேடோ தெரிகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது.

எண்ணின் முன்னெழுத்தே வண்டி எது என்று சொல்லிவிடும். பி125எக்ஸ் என்றால் விஎன்எக்ஸ்1டி, 150 என்றால் விஎல்எக்ஸ்1டி, பி200இ என்றால் விஎஸ்எக்ஸ்1டி. என்ஜின் எண்ணில் கடைசி டி இருக்கும் இடத்தில் எம் வரும். 1960-களின் இத்தாலிய வண்டி என்று சொல்லி, பஜாஜ் உடலில் வெஸ்பா பெயர்த்தகடு ஒட்டி விற்பதும் உண்டு. பஜாஜ் நிறுவனம் ஒருகாலத்தில் வெஸ்பாவைச் செய்யும் பியாஜியோவின் உரிமத்தில் செய்ததால் வெளித்தோற்றம் ஏமாற்றும். பஜாஜ் நல்ல வண்டிதான். இந்தியாவில் அப்பாக்கள் ஒரு குடும்பத்தையே அதில் ஏற்றிப் போனார்கள். ஆனால் பஜாஜ் விலையில் வாங்க வேண்டும்.

பதிவில் 149 சிசி என்று இருக்க, உள்ளே 177 சிசி கிட் (பெரிய சிலிண்டர், பிஸ்டன் தொகுப்பு) ஏறியிருந்தால் அது அனுமதியில்லாத மாற்றம். 200 மாடலில் 210 கிட் போட்டிருந்தால் இன்னும் சிக்கல்: அசல் 198 சிசி, 2பி ஓட்டுநர் உரிமத்தின் 200 சிசி எல்லைக்குள் அடங்கும், கிட் போட்டது அடங்காது. சிலிண்டரில் வெளி நிறுவனத்தின் பெயர் வார்ப்பில் தெரிகிறதா என்று பாருங்கள். எண் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்புங்கள். “அப்புறம் சரிசெய்து தருகிறேன்” என்ற பேச்சுக்கு ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: உடல் கண்ணாடிபோல் மின்னுகிறது, ஆனால் தட்டினால் ‘டொப்’ என்கிறது

பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை. வெஸ்பாவுக்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. அழுத்தி வளைத்த தகடே சட்டம். அதனால் பட்டி பூசி மறைத்த ஓட்டை, அழகுக்குறை மட்டும் அல்ல, வண்டியின் எலும்பில் விழுந்த ஓட்டை.

காந்தத்தைத் துணியில் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். நல்ல தகட்டில் இழுவை சீராக இருக்கும். பட்டி தடிமனான இடத்தில் காந்தம் வழுக்கி விழும். பக்க மூடியில் கொஞ்சம் பட்டி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அது கழற்றி மாற்றக்கூடியது. பார்க்க வேண்டியவை இவை: கால் வைக்கும் தளத்தின் இரு ஓரம், பின் பிரேக் மிதி துளையைச் சுற்றி, தளமும் முன்தகடும் சேரும் வளைவு, சென்டர் ஸ்டாண்டு போல்ட் இறங்கும் இடம், தளத்துக்கு அடியில் குறுக்கே ஓடும் பெட்டித்தகடு, இடப்பக்க மூடிக்குள் பேட்டரி உட்காரும் இடம். பேட்டரி அமிலம் சொட்டிய இடத்தில் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே கடைசியில்தான் தெரியும்.

ரப்பர் பட்டைகளைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பட்டைக்கு அடியில் தேங்கும் நீர் காய்வதே இல்லை. திறந்த கார்நிறுத்தத்தில் பல ஆண்டு நின்ற வண்டியில் முதலில் போவது இந்த இடம். பிறகு தளத்தின் நடுவில் ஒரு காலை அழுத்தி நில்லுங்கள். தகடு வளைந்து திரும்பினால் அடியில் குறுக்குப் பெட்டி போய்விட்டது.

அடியில் கைக்கண்ணாடியை வைத்து இணைப்பைப் பாருங்கள். தொழிற்சாலை இணைப்பு வட்ட வட்டமான புள்ளி வெல்டிங்காக இருக்கும். நீளமாக ஓடும் வெல்டிங் கோடு இருந்தால் தளம் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியதாலேயே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை; முழுத் தளமாக ஒழுங்காக மாற்றியிருந்தால் அது பழைய தளத்தைவிட உறுதி. கைக்குட்டை அளவுத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டவைத்திருந்தால்தான் வேண்டாம். இரண்டு வண்டியின் பாதிகளைச் சேர்த்து ஒட்டி, மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்து வந்த வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. இருக்கையைத் திறந்து, பெட்ரோல் தொட்டியின் ஓரமாக டார்ச் அடித்தால் நடுவில் குறுக்காக ஓடும் வெல்டிங் தடம் காட்டிக் கொடுத்துவிடும்.

அறிகுறி: கைப்பிடி நேராக இருக்க, முன்சக்கரம் திரும்பி நிற்கிறது

முன்பக்கம் மோதிய வண்டி. ஹாரன் மூடிக்குப் பின்னே, முன்தகடு கழுத்துக் குழாயைச் சேரும் இடத்தில் சுருக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பு விரலுக்குத் தெரியும். கைப்பிடியை மட்டும் திருகி நேராக்கிக்கொள்ளலாம்; கழுத்துக் குழாய் வளைந்திருந்தால் அதற்கான ஜிக் (உடலைப் பிடித்து நேராக்கும் சாதனம்) உள்ள பட்டறை வேண்டும். என்ஜின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி சற்றே வலம் இழுப்பது இயல்பு. அதைக் கோணல் என்று எண்ணிவிடாதீர்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கைப்பிடியை மெல்ல இடவலம் திருப்புங்கள். நடுவில் ‘கடக்’ என்று ஓர் இடத்தில் விழுந்தால் கழுத்து பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. சின்னச் செலவு, ஆனால் விலை குறைக்க நல்ல காரணம்.

அறிகுறி: குளிர்ந்த வண்டி பத்து உதைக்கும் எழவில்லை

முதலில் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் பெட்ரோல் குழாயைத் திறந்து அரை நிமிடம் விட்டு, சோக் இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உதையுங்கள். நல்ல வண்டி இரண்டு முதல் ஐந்து உதைக்குள் எழும்.

எழாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள்.

1. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. கொண்டுவந்த புதுப் பிளக்கைத் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி சிலிண்டர் தலையைத் தொடும்படி பிடித்து உதைத்துப் பாருங்கள். பிளக் துளையை அதற்கு முன் துணியால் மூடுங்கள்; அதிலிருந்து தெறிக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீல நிறத்தில் கனமான பொறி வேண்டும். மஞ்சளாக மெலிந்திருந்தால், பழைய மாடலில் பாயின்ட் (பொறிக்கு மின்சாரத்தைத் துண்டித்து விடும் தொடுமுனை) இடைவெளி அல்லது கண்டென்சர். இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

2. பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. குழாய், தொட்டி வடிகட்டி, கார்புரேட்டரின் மிதவை ஊசி என்று மேலிருந்து கீழே வாருங்கள். பல மாதம் நின்ற வண்டியில் ஜெட் அடைத்திருக்கும். இதற்காக வண்டியை விட்டுவிட வேண்டாம்.

3. பிளக் கருப்பாக எண்ணெய்ப் பசையோடு இருந்தால் கீழே புகை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

150 மாடலுக்கு என்ஜிகே பி7எச்எஸ் அல்லது பி6எச்எஸ், இடைவெளி 0.6 மி.மீ. வேறு நீளமுள்ள பிளக் மாட்டியிருந்தால் கவலைப்படுங்கள். நீளமான பிளக் பிஸ்டனில் இடிக்கும்.

அறிகுறி: பத்து நிமிடம் ஓடி நிற்கிறது

இங்கேதான் பெரும்பாலானோர் தவறாகக் கணிக்கிறார்கள். இரண்டு காரணம், இரண்டுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

நின்றவுடன் பெட்ரோல் மூடியைத் திறங்கள். காற்று ‘உஸ்’ என்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் தீர்ந்தது.

மூடியைத் திறந்தும் எழாமல், இருபது நிமிடம் ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் அது சூட்டில் சாகும் மின்பகுதி. பாயின்ட் மாடலில் கண்டென்சர். எலக்ட்ரானிக் மாடலில் பிக்அப், சிடிஐ பெட்டி (பொறியைத் தரும் மின்னணுப் பெட்டி), அல்லது ஸ்டேட்டர் (ஃபிளைவீலுக்குள் மின்சாரம் தரும் சுருள்) கம்பிகள். 1980-களின் பிஎக்ஸ் வண்டிகளில் ஸ்டேட்டரிலிருந்து வெளிவரும் கம்பிகளின் மேலுறை எண்ணெய் பட்டு நொறுங்கி, ஒன்றோடொன்று உரசும். பச்சை, சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை இணைப்புப் பெட்டி அருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். உறை பிஸ்கெட்போல் உடைந்தால் அதுதான். முழு ஸ்டேட்டர் வாங்க வேண்டியதில்லை, கம்பிகளை மட்டும் மாற்றிப் பற்றவைக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க வண்டி குறைந்தது இருபது நிமிடமாவது ஓட வேண்டும், அதில் நின்று நின்று போகும் சாலையும் இருக்க வேண்டும். புளோக்கைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவது சோதனை ஓட்டமே இல்லை. உங்கள் பெயரில் காப்புறுதி இல்லாமல் ஓட்டக் கூடாது; விற்பவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்காருங்கள். வண்டி இருவரைச் சுமப்பதால் கோளாறும் சீக்கிரம் வெளியே வரும்.

அறிகுறி: சூடான பிறகும் வெண்ணீலப் புகை நிற்கவில்லை

டூ-ஸ்ட்ரோக் ஸ்டார்ட் ஆகும்போது புகைவது இயல்பு. ஐந்து நிமிடத்தில் மெலிய வேண்டும். மெலியாவிட்டால் முதலில் ஆயில் கலவையைக் கேளுங்கள். 2 சதவீதம் போதும்: லிட்டருக்கு 20 மி.லி., ஐந்து லிட்டருக்கு 100 மி.லி. பயத்தில் இரட்டிப்பாக ஊற்றுபவர்கள் உண்டு. தானாக ஆயில் கலக்கும் மாடலில் தொட்டியிலும் தனியாக ஆயில் ஊற்றுகிறார் என்றால், பம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம்.

கலவை சரி, புகை மட்டும் கெட்டியாக, எரிந்த எண்ணெய் வாடையோடு வருகிறதா? கிளட்ச் பக்க ஆயில் சீல் போய், கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சுகிறது. உறுதிசெய்ய, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி கியர் பெட்டியின் அளவுத் திருகைக் கழற்றுங்கள். ஆயில் விளிம்பில் கசிய வேண்டும். கியர் பெட்டி கொள்வதே 250 மி.லி.தான், அதில் குறைந்தால் உடனே தெரியும். இந்தச் சீலை மாற்ற என்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். விலையில் முழு என்ஜின் வேலைக்கான கூலியைக் கழித்துப் பேசுங்கள்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை விட்டும் ஓட்டம் இறங்கவில்லை

புகையைவிட இது ஆபத்து. எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது; கலவை மெலிகிறது; பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். விரைவுச்சாலையில் அப்படிப் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால் ஐட்லிங்கில் சோக்கை மெல்ல இழுங்கள். உறுமல் அடங்கினால் கலவை மெலிவுதான். கார்புரேட்டர் அடிப்பகுதி கேஸ்கெட் அல்லது ஃபிளைவீல் பக்க ஆயில் சீல். இந்தச் சீலுக்கு என்ஜினைப் பிளக்க வேண்டாம். ஃபிளைவீலும் ஸ்டேட்டரும் கழற்றினால் போதும். ஆனால் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், லாரியில் ஏற்றுங்கள்.

அறிகுறி: இரண்டாம் கியர் தானாக விழுகிறது

ஏற்றத்தில் பாருங்கள், ஃபேபர் மலைச் சாலை போல. இரண்டில் வேகமெடுக்கும்போது ‘டக்’ என்று நியூட்ரலுக்குக் குதித்தால், பலர் உடனே கியர் தேய்ந்தது என்பார்கள். அதற்கு முன் கியர் கேபிள் இரண்டின் தளர்வைப் பாருங்கள். கைப்பிடியில் உள்ள எண்ணும் விழும் கியரும் ஒத்துப்போகாவிட்டால் குற்றம் கேபிளில்தான். கேபிளை இறுக்கிய பிறகும் குதித்தால், கியரைப் பற்றும் நான்கு கையுள்ள உலோகத் துண்டு, பட்டறையில் ‘சிலுவை’ என்பார்கள், முனை மழுங்கிவிட்டது. துண்டு மலிவு; அதை எடுக்க என்ஜினைப் பிளக்க வேண்டும். பிளக்கும்போது எல்லாச் சீலும் பேரிங்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒரே கூலியில் முடியும்.

அதே ஏற்றத்தில் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் தட்டை மாற்றும் முன், என்ன கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். எஸ்ஏஇ 30 ஆயில் போதும். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில் ஊற்றினால் நல்ல தட்டும் வழுக்கும். மாறாக, கிளட்சைப் பிடித்தும் வண்டி நகர்ந்தால் பல மாதம் நின்றதில் தட்டுகள் ஒட்டியிருக்கலாம். சூடானதும் விட்டுவிடும்.

அறிகுறி: பின் பிரேக் பிடிக்கவில்லை, சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கோடு

ஹப் சீல் கசிந்து கியர் ஆயில் பிரேக் கட்டையில் படிந்திருக்கிறது. கட்டையைக் கழுவிப் பயனில்லை. சீலும் கட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘கிளிக்’ என்று கேட்டால் ஹப் நட்டு தளர்ந்திருக்கிறது அல்லது டிரம்மின் பல் தேய்ந்திருக்கிறது. நட்டை இறுக்கியும் கேட்டால் டிரம் மாற்ற வேண்டும், அப்படியே ஓட்டினால் அச்சின் பல்லையும் தின்றுவிடும்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 1418 என்றால் 2018-இன் பதினான்காம் வாரம். டயரின் பூ (மேல்வரி) தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் நம் ஊர் மழையில் வழுக்கும். 3.50-10 டயரில் முன்பக்கம் 18 பிஎஸ்ஐ, பின்பக்கம் தனியாக 25, இருவர் என்றால் 36. டியூப் மாற்றும்போது காற்றை முழுவதும் இறக்காமல் ரிம்மின் இரு பாதியைச் சேர்க்கும் நட்டுகளைக் கழற்றவே கூடாது. பாதி ரிம் குண்டுபோல் பாயும்.

அறிகுறி: பிரேக் மிதித்தால் என்ஜின் நிற்கிறது

பேட்டரி இல்லாத பழைய மாடல்களில் பின் பிரேக் விளக்கு வழியாகத்தான் பற்றவைப்புச் சுற்று தரையைத் தொடும். பல்பு எரிந்துபோனால் பிரேக் மிதிக்கும்போது பொறி அறுந்துவிடும். சரியான அளவுப் பல்பு மாட்டினால் சரியாகிவிடும். இதைக் காட்டி “என்ஜின் போச்சு” என்று விலை குறைத்துத் தரும் விற்பனையாளர் கிடைத்தால் வாங்குங்கள்.

12 வோல்ட் பிஎக்ஸில் வேகமெடுக்கும்போது பல்புகள் அடிக்கடி எரிந்தால் ரெகுலேட்டர். ஐட்லிங்கில் விளக்கு மங்குவது கோளாறு அல்ல.

உதிரிபாகம் பற்றி ஒன்று

கான்பூரில் எல்எம்எல் செய்த வண்டிகள் பிஎக்ஸின் உறவு. உடல் பாகம், கேபிள், பிரேக், கியர் பலவும் பொருந்தும். ஆனால் ரீட் வால்வு உள்ள எல்எம்எல் என்ஜினின் கிராங்க், கேஸிங், கார்புரேட்டர் ஆகியவை ரோட்டரி வால்வு பிஎக்ஸுக்கு ஆகாது. “எல்லாம் ஒன்றுதான்” என்று பெட்டி நிறைய பாகம் சேர்த்து விற்பவரிடம் எந்த என்ஜினுக்கானது என்று கேட்டுப் பிரித்து எடுங்கள்.

விலை படிந்ததும், பணம் கொடுக்கும் முன் உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள். விற்பவர் ஒன்மோட்டரிங்கில் உரிமை மாற்றத்தைத் தொடங்க, நீங்கள் சிங்பாஸ் வழியாக ஏற்க வேண்டும். பணமும் சாவியும் கைமாறுவது, மாற்றம் முடிந்ததாகத் திரையில் வந்தபிறகு.